கண் திறக்கிற வேலை

நாலு பேரை நிற்க வைத்துப் படம் எடுத்தால் அதில் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார். நாற்பது பேர் என்றால் கேட்கவே வேண்டாம். படம் எடுக்கிறவர் எவ்வளவுதான் தொண்டை கிழியக் கத்தினாலும், சரியாக அந்த நொடியில்தான் சிலருக்கு இமை கனக்கும். அப்படி மூடிய கண்களைத் திறந்துவிடுவதுதான் அக்காவின் வேலை. ஸ்டூடியோவின் பின்னறையில் ஜன்னல் கிடையாது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதே ஆளின் வேறொரு படத்திலிருந்து திறந்த கண்ணை வெட்டியெடுத்து, மூடிய கண்ணின் மேல் பொருத்தி, ஓரங்களை இழைத்துவிடுவாள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காது.

முதலாளிக்கு இதில் ஒரே ஒரு சட்டம். "கண் மூடின படம் கடைய விட்டு வெளிய போகக் கூடாது. போச்சுன்னா, தூங்குறப்ப எடுத்துட்டாங்கன்னு நம்மளத்தான் திட்டுவாங்க." கடையில் இருக்கிற மற்றவர்கள் அவளுக்குக் கண் டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். பேருக்கு ஒன்றும் குறைச்சலில்லை. சாயங்காலமானால் டாக்டரின் கண்ணே மணல் விழுந்தது போல உறுத்தும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் கண் அயர்ந்தால்கூட, கை தன்னை அறியாமல் மவுஸைத் தேடும்.

வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு இரண்டாவது ஷிஃப்ட் காத்திருக்கும். அது தம்பியினுடையது.

தம்பிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல், போகும்போது பார்வையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பகலில் ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கிற உத்தியோகம். ஊரில் இருக்கிற வசவையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும், உடனே பாக்குறோம்" என்று சொல்ல வேண்டும். "பாக்குறோம்னு சொல்றதுக்கு வேற ஆளே கெடைக்கலயா இவங்களுக்கு" என்று அவனே சிரிப்பான். மிச்ச நேரமெல்லாம் அவன் கழுத்தில் காமிரா தொங்கும். சத்தம் வருகிற பக்கம் திரும்புவான். வெயில் எந்தக் கன்னத்தில் சுடுகிறது என்று கவனிப்பான். பக்கத்தில் ஆள் இருந்தால் கையை நீட்டித் தோளைத் தொட்டுவிட்டு, ஓர் அடி பின்வாங்கி, காமிராவை நெஞ்சு உயரத்தில் பிடித்து அழுத்துவான். ஒரு நாளைக்கு எத்தனை எடுப்பான் என்பதற்குக் கணக்கே இல்லை.

எடுத்ததையெல்லாம் அக்கா சாயங்காலம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில்தான் அவனுக்கு ஒரு கண்டிப்பு. ஆரம்பத்தில் ஒரு தடவை அவள் "அழகா இருக்குடா" என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு வந்ததே கோபம்.

"உன் அழகு எனக்கு எதுக்குக்கா? என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு. நல்லா இருக்கா இல்லையாங்கறத நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அவள் இருப்பதை மட்டுமே சொன்னாள். இடது ஓரத்தில் பாதிக் கதவு. கதவுக்கு மேலே வெளிச்சம் கோடு மாதிரி. நடுவில் ஒரு ஆள், தலை வெட்டுப்பட்டிருக்கிறது. கீழே உன் கட்டை விரல். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அழிச்சிரு" என்பான், அடுத்ததுக்கும் "அழிச்சிரு" என்பான், எப்போதாவது "இது இருக்கட்டும்" என்பான். அடுக்களையில் பாத்திரம் கிடக்கும், அக்காவின் பிடரி வலிக்கும், விட்டால் போதும் என்றிருக்கும். பல நாள் சலித்துக்கொண்டிருக்கிறாள். "இன்னிக்கு ஆள விடுடா" என்று கெஞ்சியிருக்கிறாள். ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொன்னதில்லை. இருப்பதை விட்டதும் இல்லை.

ஸ்டூடியோ முதலாளிக்கு இதெல்லாம் வேடிக்கை. "கண்ணு தெரியாம எடுக்கறது போட்டோ இல்லம்மா, ஆக்சிடென்ட். நூறு எடுத்தா ஒண்ணு தேறும். என் பேத்தி கையில குடுத்தாலும் தேறும்" என்பார். அக்கா இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"அந்த ஒண்ணு எதுன்னு பேத்தி சொல்வாளா? எடுக்கறது பாதி வேலதான்கா. எத வெச்சுக்கறதுங்கறதுதான் மீதி. அத நான்தான பண்றேன்?"

உண்மைதான். ஆனால் அவன் செய்கிற அந்த மீதி வேலை முழுக்க அக்காவின் வாய்வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதுதான் அவனுக்குப் படம். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் பேசியதில்லை.

பார்வையில்லாதவர்கள் எடுத்த படங்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், ஆளுக்கு ஒரு படம், எது என்பதை எடுத்தவரே முடிவு செய்யலாம் என்று அழைப்பு வந்தது. தம்பி ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் அம்மாவின் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்.

அம்மா காமிராவைக் கண்டால் எதிரியைக் கண்டது போல முறைக்கிறவள். அடையாள அட்டைக்காக அக்காவின் ஸ்டூடியோவில் எடுத்த அவள் படத்தைப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் தம்பி எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டுவிடுவாள். "நீ பாக்காம எடுக்கற. நான் மட்டும் எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கணும்?" என்பாள். பால்கனியில் துணி காயப்போடும்போது எடுத்த படம் அது. ஈரப் போர்வை ஒரு பக்கத்தை மறைத்திருந்தது. படமே ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அம்மா கொடியைப் பிடித்தபடி, முகத்தை நேரே காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"மூடியிருக்கறது எப்படி இருக்கு? இறுக்கியா?" என்று தம்பி கேட்டிருந்தான்.

"இல்ல. லேசா. தூக்கம் மாதிரியும் இல்ல. யாரோ வரட்டும்னு நிக்கற மாதிரி."

"இதுதான்" என்றான் அவன்.

ஸ்டூடியோவிலேயே பெரிய அளவில் அச்சுப் போட முதலாளி சம்மதித்தார். அது பள்ளிக்கூடக் குழுப்படங்கள் தலைக்கு மேல் குவிந்திருந்த சமயம். கண் மூடிய பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டேயிருந்தார்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே தம்பியின் படத்தையும் திறந்து, அளவைச் சரிசெய்து, ஒரு பிரதியை அச்சுக்கும் ஒரு பிரதியைக் கண்காட்சிக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனாள் அக்கா. அச்சானது அப்படியே பொதியாகி நேரே மண்டபத்துக்குப் போய்விட்டது.

கண்காட்சி அன்று மூன்று பேரும் போனார்கள். வாசலில் ஒரு பெண் எல்லோருக்கும் கறுப்புத் துணி கொடுத்து, கொஞ்ச தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கச் சொன்னாள். "எனக்கு ஏற்கெனவே முட்டி வலி. இதுல கண்ண வேற கட்டிக்கிட்டு விழணுமா?" என்று அம்மா துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். கூட்டம் ஒரு படத்தின் முன்னால் மட்டும் அடைத்துக்கொண்டு நின்றது.

அது அம்மாவின் படம். அம்மா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். யார் செய்தது என்று யோசிக்கவே இல்லை. தன் கைவேலை தனக்குத் தெரியாமல் போகுமா? இடது இமையின் ஓரத்தை அவள் இழைக்கிற விதம் அப்படியே இருந்தது. படத்தின் சரிவும் நிமிர்ந்திருந்தது. செய்த நினைவுதான் இல்லை. எத்தனை யோசித்தும் இல்லை. பிள்ளைகளின் கண்ணையெல்லாம் திறந்துகொண்டே வந்த கை, போகிற போக்கில் பெற்றவளின் கண்ணையும் திறந்துவிட்டுப் போயிருக்கிறது.

தம்பியிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பத்திரிகையில் கலையைப் பற்றி எழுதுகிற தாடிக்கார விமர்சகர் ஒருவர் சுற்றியிருந்தவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"இங்க மத்த படமெல்லாம் இருட்டப் பத்திப் பேசுது. இது ஒண்ணுதான் பாக்குது. பாக்க முடியாத மகன ஒரு தாய் பாக்கற பார்வை. கோபமா, பயமா, பாசமான்னு சொல்ல முடியல. இதப் பாக்காமலே ஒருத்தர் புடிச்சிருக்கார்னா, இதுக்கு மேல கலைன்னு எதச் சொல்றது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதை மறைப்பானேன்? ஜன்னலில்லாத அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து ஒட்டிய கண்களில் ஒன்றையாவது யாராவது நின்று பார்த்ததுண்டா? பார்க்கவே கூடாது என்பதுதானே அந்த வேலை. இன்றைக்கு ஒரு மனிதர் அவள் ஒட்டிய கண்ணைப் பார்த்து, அதற்குள் கோபமும் பயமும் பாசமும் இருப்பதாகச் சொல்கிறார். அடையாள அட்டைக்காக அம்மா முறைத்த முறைப்பு அது என்று அவருக்குத் தெரியாது. அந்த நிமிஷம் அக்காவுக்கும் அது தெரிய வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பார்வை?" என்றான் தம்பி.

அவன் சுவர்ப்பக்கம் கையை நீட்டினான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அதே படத்தை மேடும் பள்ளமுமாகச் செய்த பலகை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள், பார்வையில்லாதவர்கள் தடவிப் பார்ப்பதற்கு. அவன் விரல் கொடியைத் தொட்டது, போர்வையைத் தொட்டது, அம்மாவின் தாடையிலிருந்து மேலே ஏறியது. மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. அங்கேயே ஒரு வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றியது.

"அக்கா, இங்க வா. இது என்ன?"

"கண்ணு."

"யாரோடது?"

"அம்மாவோடதுதான்."

"தெறந்திருக்கே. மூடியிருக்குன்னு சொன்ன."

"மூடித்தான்டா இருந்துச்சு."

அதற்குள் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தாள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இது யாருடி இந்த முறை முறைக்கறது? அட்டையில இருக்கற என் மூஞ்சிய எடுத்து ஏன்டி இங்க ஒட்டுன?" என்று கேட்டாள். அவள் மெதுவாகப் பேசக் கற்றதில்லை. விமர்சகர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

தம்பி கையை எடுத்துக்கொண்டு நடந்தான். சுவரைத் தடவித் தடவி, தண்ணீர் வைத்திருந்த நடைவழியில் போய் நின்றான். அக்கா பின்னாலேயே போனாள்.

"எப்பப் பண்ண?"

"தெரியலடா. ஸ்கூல் படம் போட்டுக்கிட்டிருந்தேன். பழக்கத்துல கை பண்ணிருச்சு. சத்தியமா நான் நெனச்சுப் பண்ணல."

"வேற எந்தப் படத்துலல்லாம் கை பண்ணுச்சு?"

"வேற எதுலயும் இல்ல."

"இதுல பண்ணதே தெரியலங்கற. வேற எதுலயும் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் குரல் உயரவே இல்லை. நாள் முழுக்கப் புகார் கேட்கிறவனுக்குக் கத்தினால் பிரயோசனமில்லை என்று தெரியும் போலிருக்கிறது.

"நீ சொன்னத வெச்சுத்தானக்கா நான் அழிக்கறேன், வெச்சுக்கறேன். நீ பாத்தது ஒண்ணு, சொன்னது ஒண்ணுன்னா, நான் இத்தன வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. களைப்பா, குற்ற உணர்ச்சியா, சற்று முன் குளிர்ந்த உச்சியா, எது பேசியது என்று அவளுக்கே தெரியாது.

"நான் சொன்னதுல ஒண்ணும் பொய் இல்ல. மூடியிருக்குன்னுதான் சொன்னேன். அச்சுலதான் தப்பாப் போச்சு. அங்க போய்ப் பாரு, ஊரே நின்னு பாராட்டுது. நீ பாக்கவே போறதில்லாத கண்ணு ஒண்ணு தெறந்திருந்தா என்னடா, மூடியிருந்தா என்ன?"

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. தம்பி திரும்பிக்கொண்டான். பிறகு, தூரத்தில் விமர்சகருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த கண்காட்சி அமைப்பாளரின் குரலை வைத்து அந்தப் பக்கம் நடந்தான்.

"மேடம், அந்தப் படத்துக்குக் கீழ என் பேர எடுத்துடுங்க. எங்க அக்கா பேரப் போடுங்க. எல்லாரும் பாராட்டறது அவ வேலையத்தான்."

அமைப்பாளர் திகைத்தார். நல்ல பெண்மணிதான், யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிறவர். "அது எப்படிங்க? இது பார்வையில்லாதவங்களுக்கான கண்காட்சி. உங்க அக்காவுக்குத்தான் பார்வை இருக்கே" என்றார்.

"அது ஒண்ணுதான் அவ செஞ்ச குத்தமா?" என்றாள் அம்மா.

அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தன் பேர் அந்தச் சுவரில் வரலாம் என்ற எண்ணம் ஒரு விநாடி வந்து போனதே, அதற்காகத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூடிய கண்ணோடு மறுபடி அச்சுப் போட்டு எடுத்து வருகிறேன் என்று கெஞ்சினாள். தம்பி வேண்டாம் என்றுவிட்டான். அமைப்பாளர் படத்தைக் கழற்றச் சொன்னார். இருந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று விமர்சகர் முணுமுணுத்துக்கொண்டு போனார். சுவரில் ஆணி மட்டும் நின்றது. பலகையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். மூன்று பேரும் வாசலை விட்டு வெளியேறுகிறவரை, கறுப்புத் துணி கட்டிய யாரோ அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. தம்பி அவளோடு பேசினான், சாப்பிட்டான், பஸ் வரவில்லை என்று அலுத்துக்கொண்டான். ஆனால் அடுத்த சாயங்காலம் காமிராவை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனான். அதற்கடுத்த சாயங்காலமும் போனான்.

அம்மாவுக்குப் படம் பார்த்துச் சொல்லத் தெரியாது. "துண்டு காயுது. சாயங்காலமே எடுன்னு சொன்னேன், உங்கக்கா கேட்டாளா பாரு" என்பாள். "யாரோ கெழவர். சட்டைக்கு இஸ்திரி போட ஆளில்ல போல" என்பாள். தம்பி பொறுமையாக, இடது பக்கம் என்னம்மா, வெளிச்சம் எங்கம்மா என்று கேட்பான். பாதிக்குப் பதில் வராது. அவன் "அழிச்சிரு" என்பான்.

அக்கா பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். எத்தனை வருஷமாக ஏங்கிய ஓய்வு அது. இப்போது கிடைத்துவிட்டது, யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்த ஓய்வு அவளுக்குப் பிடிக்கவில்லை. மூடிய கண்ணுக்குள் மணல் அப்படியேதான் இருந்தது. காது மட்டும் அந்த அறையில் கிடந்தது.

அன்றும் அப்படித்தான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணுமில்லடா. வெறும் சுவரு. பாதிக் கதவு. ஒரே இருட்டு."

"ஆள் யாரும் இல்லையா? யாரோ நடந்து வந்து நின்ன சத்தம் கேட்டுத்தான் திரும்பி எடுத்தேன்."

"யாரும் இல்ல."

"அப்ப அழிச்சிரவா?"

அக்கா எழுந்து போனாள். அம்மாவின் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். சுவர்தான். பாதிக் கதவுதான். ஆனால் கதவோரத்து இருட்டு ஒரே இருட்டாக இல்லை. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு முதுகு இருந்தது. வேலையிலிருந்து வந்தவள், கதவின் சட்டத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். தான் அப்படி நிற்பது வழக்கம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

"அழிக்காதடா" என்றாள். "கதவு ஓரத்துல ஆள் இருக்கு. நான்தான். முதுகு மட்டும் தெரியுது. நெத்திய சட்டத்துல சாச்சுக்கிட்டு நிக்கறேன். பை இன்னும் தோள்லயே இருக்கு. இருட்டுல இருக்கறதால அம்மாவுக்குத் தெரியல."

தம்பியின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான், எப்போதும் கேட்கிற மாதிரியேதான். பிறகு முகத்தைத் திருப்பினான். அக்கா நின்ற பக்கம் இல்லை.

"அப்படியாம்மா?"

இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றை அவன் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, திரையை மூக்கு தொடுகிற அளவுக்குக் குனிந்து, அவசரமே இல்லாமல் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை அக்கா காத்துக்கொண்டு நின்றாள், தான் அந்தப் படத்தில் இருக்கிறோமா இல்லையா என்று தனக்கே தெரியாதவள் போல.

"ஆமாடா, இருக்கா" என்றாள் அம்மா.

"சரி, இது இருக்கட்டும். அடுத்தது சொல்லும்மா" என்றான் தம்பி.